கீரையை விட்ட வாத்தியாரம்மா

நார்த்தாமலைக் குன்றுகளுக்குப் பின்னால் சூரியன் இறங்கத் தொடங்கிய பிறகுதான் சின்னூரணிப்பட்டிப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு நேரம் வரும். பகலில் அந்தச் செம்மண் பொட்டலில் கால் வைக்க முடியாது. பொழுது சாய்ந்ததும், வெள்ளைச் சேலையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, டிரில் வாத்தியாரம்மா சொர்ணவல்லி வந்து நிற்பாள். அவள் விசிலை ஊதினால் ஊரணிக்கரையில் மேயும் ஆடுகள்கூட ஒரு தடவை தலையைத் தூக்கிப் பார்க்கும்.

அன்று கிளித்தட்டு. தரையில் கட்டம் கட்டமாகக் கோடு கிழித்து, ஒரு கட்சி கோடுகளைக் காக்க, மறு கட்சி தொடுபடாமல் கட்டங்களைத் தாண்டிப் போகும் ஆட்டம். நடுக்கோட்டில் ஓடி யாரை வேண்டுமானாலும் தொடக்கூடியவளுக்குக் கிளி என்று பெயர். செவந்திதான் எப்போதும் கிளி. பத்து வயதுப் பெண். அவள் ஓடினால் பாதம் மண்ணில் படுகிறதா என்று சந்தேகம் வரும்.

அந்தச் செவந்தி, ஆட்டம் சூடு பிடித்திருந்த வேளையில், நடுக்கோட்டிலேயே நின்றுவிட்டாள். இரண்டு கைகளையும் கொஞ்சம் முன்னால் நீட்டிக்கொண்டு, நட்டு வைத்த கம்பு மாதிரி நின்றாள்.

"ஏ கிளி! ஒன் ரெக்கைய யாருடி ஒடிச்சது?" என்று எதிர்க்கட்சி ராசு கூவினான்.

"இவ இப்படித்தாங்க வாத்தியாரம்மா. தோக்குற மாதிரி இருந்தா பிகு பண்ணிக்கிட்டு நின்னுருவா!" என்றும் சேர்த்துக்கொண்டான்.

"நான் ஒண்ணும் தோக்கலை! கால் வலிக்குது" என்றாள் செவந்தி. ஆனால் ராசு நின்ற பக்கம் பார்த்து அவள் அதைச் சொல்லவில்லை. யாருமே இல்லாத பக்கம் பார்த்துச் சொன்னாள்.

சொர்ணவல்லி அதைக் கவனித்தாள். சத்தமில்லாமல் கிட்டே போனாள். அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேராகக் கையை வீசினாள். இமை அசையவில்லை! மேற்கே வானம் இன்னும் சிவப்பாக இருந்தது. மற்றப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் துரத்திக்கொண்டிருந்தார்கள். இந்த ஒரு குழந்தைக்கு மட்டும் உலகம் இருண்டு போயிருந்தது.

"செவந்தி, எத்தனை நாளா இப்படி?"

அந்தப் பெண் கைநீட்டித் துழாவினாள். வாத்தியாரம்மாவின் சேலையைத் தொட்டுப் பார்த்துப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவுதான்.

சொர்ணவல்லிக்குப் பசி என்றால் என்ன என்று தெரியும். திருமயத்தில் பிறந்தவள். பாவாடை கட்டும் வயதில் மணமாகி, தாவணி போடும் வயதுக்கு முன்னே தாலியை இழந்தவள். புருஷன் முகம்கூட அவளுக்குச் சரியாக நினைவில்லை. ஆனால் அவன் போன பிறகு ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டார்கள். பூவைப் பிடுங்கினார்கள், பொட்டைப் பிடுங்கினார்கள், நிறமுள்ள சேலையைப் பிடுங்கினார்கள். கடைசியில் இரவுச் சாப்பாட்டையும் பிடுங்கினார்கள். விதவைக்கு ஒரு வேளை போதும் என்றார்கள். வளர்கிற பெண்! இரவில் அடுப்படி வாசனையை முகர்ந்துகொண்டே படுத்து உறங்கியவள் அவள்.

அண்ணன் ஒருவனுக்கு மனம் பொறுக்கவில்லை. வீட்டாரிடம் சண்டை போட்டு, திருச்சியில் வாத்தியார் பயிற்சிக்கு அனுப்பி வைத்தான். குச்சி மாதிரி போய் இறங்கிய அவளை அங்கே டிரில் வகுப்பில் நிறுத்தினார்கள். முதல் வாரமே மயங்கி விழுந்தாள். விடுதிச் சமையல்காரி அவள் தட்டில் கேழ்வரகுக் களியும் முருங்கைக்கீரையும் குவித்து, "ஓடணும்னா இதைத் தின்னு, இல்லாட்டிப் பெட்டியைக் கட்டு" என்றாளாம். தின்றாள். ஓடினாள். கைம்பெண் ஒருத்தி ஓடுவதா என்று கேட்ட ஊர்க்காரர்களுக்கு, ஓடியே பதில் சொல்லக் கற்றுக்கொண்டாள்.

அப்படி வந்தவள்தான் புதுக்கோட்டைச் சமஸ்தானத்துப் பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியாரம்மா ஆனாள். யுத்தம் வந்து பர்மா அரிசி நின்றுபோன காலம் அது. ஊரே அரைவயிறாக இருந்தது. வெறும் வயிற்றோடு பிள்ளைகளை ஓடச் சொல்வது பாவம் என்று அவளுக்குப் பட்டது. ஆளுக்கு ஒரு பிடி கொண்டு வரச் சொன்னாள். ஒருவன் ஒரு பிடி கேழ்வரகு மாவு, ஒருத்தி ஒரு பிடி நிலக்கடலை, ஒன்றும் இல்லாதவர்கள் வழியில் நிற்கும் முருங்கை மரத்தில் ஒரு பிடி கீரை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கல் கூட்டி, அவளே களி கிண்டிக் கீரை வதக்கினாள். பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து அவளும் சாப்பிட்டாள். மழை பொய்த்த அந்தப் பூமியில் வேறு காயும் கிடையாது, கனியும் கிடையாது. முருங்கை ஒன்றுதான் பச்சையாக நின்றது.

செவந்தியின் கண்ணைக் கண்ட மறுநாள் காலையிலேயே அவள் புதுக்கோட்டைக்கு வண்டியேறினாள். அங்கே தெரிந்த கம்பவுண்டர் ஒருவர் இருந்தார்.

"மாலைக்கண்ணும்மா" என்றார் அவர். "இது மருந்துக்குத் தீருகிற வியாதி இல்லை. சாப்பாட்டுக்குத் தீருகிற வியாதி. மீன் எண்ணெய் கொடுக்கலாம், ஆனா யுத்தத்தில் சீமையிலிருந்து கப்பல் எங்கே வருது? ஈரல் கொடு, முட்டை கொடு. அதுக்கு வழி இல்லையா, முருங்கைக்கீரையை எண்ணெய் விட்டு வதக்கி நிறையக் கொடு."

சொர்ணவல்லிக்குச் சிரிப்பே வந்துவிட்டது. இவ்வளவுதானா! மருந்து பள்ளிக்கூடத்து அடுப்பிலேயே வெந்துகொண்டிருக்கிறதே!

மத்தியானம் திரும்பி வந்ததும் செவந்தியின் தட்டில் தன் கையாலேயே கீரையைக் குவித்தாள். அப்போதுதான் கவனித்தாள். அந்தப் பெண் களியை மட்டும் கிள்ளிக் கிள்ளித் தின்றுவிட்டு, கீரையை ராசுவின் தட்டுக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"செவந்தி! கீரையைச் சாப்பிடு."

"வேண்டாங்க வாத்தியாரம்மா."

"புடிக்காதா?"

அந்தக் கேள்விக்குச் செவந்தியின் கண்ணில் நீர் முட்டியது. "புடிக்குங்க" என்று முணுமுணுத்தாள். "ஆனா வேண்டாங்க."

"புடிச்சதை எதுக்குடி வேண்டாங்கிறே? இங்க யாரும் தட்டில மிச்சம் வைக்கக் கூடாது. ம், வாயைத் தொற."

வாத்தியாரம்மாவின் பேச்சைத் தட்டத் தெரியாத குழந்தை. வாயைத் திறந்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு விழுங்கினாள். விழுங்கிவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதாள். கீரைக்காக ஒரு பிள்ளை இப்படி அழுமா என்று சொர்ணவல்லிக்கு ஆச்சரியமாக இருந்தது. காரணத்தை அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அன்று அந்தி மயங்கும் நேரத்தில் ஊரணிக்குத் தண்ணீர் எடுக்கப் போன செவந்தி படி தெரியாமல் விழுந்தாள். குடம் உருண்டு போக, நெற்றி கல்லில் மோதித் தண்ணீருக்குள் போய்விட்டாள். கரையில் மாடு கழுவிக்கொண்டிருந்தவர்கள் குதித்துத் தூக்கினார்கள். உயிர் தப்பியது அதிசயம்.

மறுநாள் பொழுது விடிந்ததும் பள்ளிக்கூட வாசலில் கூட்டம். கூட்டத்துக்கு முன்னால் தலைவிரி கோலமாக ஒருத்தி நின்றாள். செவந்தியின் தாய் அழகி. அவள் புருஷன் ரங்கூனில் மர ஆலைக் கூலி. அங்கே குண்டு விழுந்த நாளிலிருந்து அவனைப் பற்றித் தகவல் இல்லை.

"வெளிய வாங்கடி, வாத்தியாரம்மா!" என்று அலறினாள் அழகி. மரியாதையும் கோபமும் அவள் வாயில் ஒன்றாகக் கலந்து வந்தன. "எம் புருசனைச் சண்டை முழுங்கிருச்சு. மிச்சம் இருக்கிறது இது ஒண்ணு. இதையும் மாரியாத்தாகிட்டக் காட்டிக் குடுத்துட்டீங்களே! நேர்ந்து விட்ட கீரையை எம் புள்ளை வாயில திணிக்க ஒங்களுக்கு யாரு சொன்னது?"

"நேர்ந்து விட்டதா?" என்றாள் சொர்ணவல்லி.

"ஆமாங்க! அந்தியானா கண்ணு தெரியலைன்னுச்சு. மாரியாத்தா முன்னாடி நிப்பாட்டி, கண்ணு தெளியுற மட்டும் எம் புள்ளை கீரை தொடாதுன்னு நேர்ந்துக்கிட்டேன். நேர்ந்ததை வெளிய சொல்லக் கூடாதுன்னு புள்ளை வாயைக் கட்டி வச்சிருந்தேன்."

"கீரையை ஏம்மா விட்டீங்க? வேற எதையாச்சும் விட்டிருக்கலாமே!"

அழகி அவளை ஒன்றும் தெரியாத குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"அதுக்கு உசுரு அதுதாங்க. முருங்கக் கீரைன்னா சட்டியை வழிச்சு நக்கும். புடிச்சதைத்தானே சாமிக்கு விடணும்? புடிக்காததை விட்டா அது நேர்ச்சையா?"

சொர்ணவல்லி சுவரைப் பிடித்துக்கொண்டாள். என்ன கொடுமை! பெற்ற பாசம் குழந்தையின் கண்ணுக்காகக் கடவுளிடம் எதைக் கொடுத்தது? அந்தக் கண்ணுக்கான மருந்தையே கொடுத்திருக்கிறது! பாசம் கூடக் கூடப் பார்வை குறைந்திருக்கிறது. இதில் யாரைக் குற்றம் சொல்வது? தாயின் காலடியில் செவந்தி உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் கட்டு. சொர்ணவல்லி கிட்டே குனிந்து பார்த்தாள். குழந்தையின் வெள்ளை விழியில் மீன் செதில் போல ஒரு சின்னத் திட்டு. கம்பவுண்டர் சொல்லியிருந்தார்: "விழியில் வெள்ளைத் திட்டு வந்துட்டா நாள் கடத்தாதே. கருவிழி பழுத்துப் போனா, அப்புறம் அந்தப் பிள்ளைக்குப் பகலும் கிடையாது."

தலைமையாசிரியர் குழந்தைசாமி அவளை உள்ளே இழுத்தார். நல்ல மனிதர், ஆனால் பயந்தவர்.

"பேசாம இருங்கம்மா. சாமி காரியம். இன்ஸ்பெக்டருக்கு மொட்டை மனு போனா ஒங்க வேலைக்கும் ஆபத்து, என் வேலைக்கும் ஆபத்து."

"அந்தப் புள்ளை கண்ணுக்கு ஆபத்துங்க ஐயா" என்றாள் சொர்ணவல்லி.

அடுத்த செவ்வாய்க்கிழமை மாரியம்மன் கோயிலில் பூசை. அழகி பிராயச்சித்தம் கேட்டு மகளோடு வந்திருந்தாள். ஊரும் கூடியிருந்தது. வெள்ளைச் சேலை உள்ளே நுழைந்ததும் முணுமுணுப்பு எழுந்தது. சொர்ணவல்லி யாரையும் பார்க்கவில்லை. நேரே பூசாரி மூக்கன் முன்னால் போய் நின்றாள்.

"பூசாரி ஐயா, அந்தக் கீரைதான் இந்தப் புள்ளை கண்ணுக்கு மருந்துன்னு கம்பவுண்டர் சொல்றாரு. நேர்ந்ததைத் திரும்ப எடுக்க வழி இருக்கா?"

மூக்கன் தலையை ஆட்டினார். "குடுத்த சொல்லை மாரியாத்தா மடக்கிக் குடுக்க மாட்டா, தாயி. அந்தப் புள்ளை கீரை தொடணும்னா, அதுக்குப் பதிலா வேற ஆளு அந்தக் கடனை ஏத்துக்கணும்."

"நான் ஏத்துக்குறேன் சாமி!" என்று அழகி பாய்ந்தாள்.

"ஒன் கையைப் பாரு ஆத்தா" என்றார் மூக்கன் வருத்தத்தோடு. அழகியின் மணிக்கட்டில் மஞ்சள் காப்புக் கயிறு கட்டியிருந்தது. புருஷன் உயிரோடு திரும்ப வேண்டும் என்று எடுத்த விரதம். அவன் வருகிற வரை அந்த வீட்டில் முட்டை கிடையாது, கறி மீன் கிடையாது, அழகிக்குப் படுக்கப் பாய் கிடையாது. "ஒரு காப்பு அவுக்காம இன்னொரு கடன் ஏத்தக் கூடாது. அது ரெண்டையும் கெடுக்கும். ஒன் பங்காளிகள்ல யாராச்சும் வரட்டும்."

எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"கண்ணு தெளியுற மட்டும்தானே?" என்று அழகியின் நாத்தி மெல்லக் கேட்டாள்.

"புள்ளைக்குத்தான் அந்தக் கெடு. ஏத்துக்குறவுகளுக்குக் கெடு கிடையாது. கண்ணு தெளிஞ்சாலும் கூடாது, தெளியாட்டியும் கூடாது. உசுரு இருக்கிற மட்டும் கூடாது."

நாத்தி பின்வாங்கினாள். "எங்க வீட்டுல அஞ்சு வயிறு. இந்தக் கீரையும் இல்லாட்டி நான் என்னத்தைத் திங்கிறது?" என்றாள். அதில் பொய் இல்லை. அந்தப் பஞ்ச காலத்தில் கேட்கக்கூடாததைக் கேட்டது அந்தக் கடன். ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். செவந்தி தூணைத் தடவிக்கொண்டு நின்றாள். வெளியே பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு அது ஏற்கெனவே இறங்கிவிட்டது.

"நான் ஏத்துக்குறேன்" என்று சொர்ணவல்லி சொன்னாள்.

தரையைப் பார்த்திருந்த தலைகள் நிமிர்ந்தன.

"நீங்களா?" மூக்கன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க அதுக்கு என்னம்மா ஒறவு?"

"அது எம் புள்ளைங்க" என்றாள்.

தட்டில் கற்பூரம் ஏற்றினார்கள். சுடர் நிமிர்ந்து எரிந்தது. சொர்ணவல்லி வலது உள்ளங்கையை விரித்து, அந்தச் சுடரின் மேல் அடித்து அணைத்தாள். தோல் கருகிய வாசனை வந்தது. முகம் சுளிக்கவில்லை. எத்தனையோ பேர் அவளிடமிருந்து எத்தனையோ பறித்திருக்கிறார்கள். பூவைக் கேட்டா பறித்தார்கள்? சோற்றைக் கேட்டா நிறுத்தினார்கள்? பிறந்தது முதல் இன்றுவரை அவளாகக் கொடுத்தது என்று ஒன்றும் இல்லை. இதோ, முதல் முதலாக, தன் கையால், தன் மனதால் ஒன்றைக் கொடுத்துவிட்டாள். குச்சியாகக் கிடந்தவளை எழுப்பி ஓட வைத்த உணவை, இனி ஓடப்போகிற ஒரு குழந்தைக்குக் கொடுத்துவிட்டாள். அந்தக் கூட்டத்தில் இருந்த முதிய பெண்கள் தங்களை அறியாமல் கைகூப்பினார்கள் என்று சொல்வார்கள். அம்மனைப் பார்த்தா, அவளைப் பார்த்தா என்று அவர்களுக்கே தெரியவில்லையாம்.

அழகி அன்றே கீரை ஆய்ந்தாள். கடலை எண்ணெய் விட்டு வதக்கி மகளுக்கு ஊட்டினாள். காலையில் ஊட்டினாள், மத்தியானம் பள்ளிக்கூடத்தில் சொர்ணவல்லி ஊட்டினாள், இரவிலும் ஊட்டினாள். செவந்தி சட்டியை வழித்து நக்கினாள். ஆனாலும் அந்தி வந்தால் சுவரைத்தான் பிடித்தாள். ஒரு வாரம் போயிற்று. "பட்டது பட்டதுதான். அந்தம்மா வீணாக் கையைச் சுட்டுக்கிச்சு" என்று ஊரில் பேச்சு. சொர்ணவல்லி கட்டுப் போட்ட கையால் களி கிண்டிக்கொண்டிருந்தாள். உள்ளே மட்டும் ஒரு பயம் அவளை அரித்தது. நாள் கடந்துவிட்டதோ? நாம் பிந்திவிட்டோமோ?

பிறகு ஒரு மாலை. செவந்திக்குக் காய்ச்சல், பள்ளிக்கூடம் வரவில்லை என்று கேள்விப்பட்டு, விளையாட்டு முடிந்ததும் அவள் வீட்டுக்குப் புறப்பட்டாள் சொர்ணவல்லி. வரப்பு வழி. செம்மண் கருத்து, மலை கருத்து, பனைகள் கருத்து, எல்லாம் ஒன்றாகிக்கொண்டிருந்த நேரம். தூரத்தில் அழகியின் குடிசை வாசலில் ஏதோ சின்ன உருவம் உட்கார்ந்திருந்தது. சொர்ணவல்லி காலடிச் சத்தம்கூட இல்லாமல் வெறுங்காலோடு நடந்தாள்.

"வாத்தியாரம்மா!" என்று குரல் வந்தது. "பாத்து வாங்க! அங்கிட்டு வேலி முள்ளு கெடக்கு!"

சொர்ணவல்லி குனிந்தாள். அவள் எடுத்து வைக்கப் போன காலுக்கு முன்னால், மண்ணோடு மண்ணாக, ஒரு கருவேல முள் கிளை கிடந்தது. அவளுக்குத் தெரியவில்லை. செவந்திக்குத் தெரிந்தது!

சொர்ணவல்லி அங்கேயே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளிருந்து ஓடி வந்த அழகி மகளைப் பார்த்தாள், முள்ளைப் பார்த்தாள், வரப்பில் உட்கார்ந்திருந்த வெள்ளைச் சேலையைப் பார்த்தாள். புரிந்துகொண்டதும் ஒரு சத்தம் எழுப்பினாளே, அதை அழுகை என்பதா, குலவை என்பதா!

"சாமி, எந்திரிங்க" என்று சொர்ணவல்லியின் காலைப் பிடித்தாள்.

"காலை விடுங்கம்மா. கூச்சமா இருக்கு" என்றாள் சொர்ணவல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "காய்ச்சலுக்குக் கஞ்சி குடுத்தீங்களா? அதைச் சொல்லுங்க."

"கஞ்சியிலயும் கீரையைப் போடச் சொல்லுது இந்தக் கழுதை!"

செவந்தியின் தகப்பனார் திரும்பி வரவே இல்லை. அழகி அந்தக் காப்போடுதான் கடைசிவரை இருந்தாள். எல்லா நேர்ச்சையும் பலிப்பதில்லை. ஆனால் அந்த வீட்டில் ஒரு விளக்கு எரிந்தது.

சொர்ணவல்லி தன் சொல்லைக் காத்தாள். கேழ்வரகுக் களிக்கு உப்பும் வெங்காயமும் தொட்டுக்கொள்வாள். அக்கம்பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் அவளைக் கூப்பிட்டு, மாலைக்கண் பிள்ளைகளைப் பார்க்கச் சொன்னார்கள். எங்கே போனாலும் முதலில் தாய்மாரிடம், "எதையாச்சும் நேர்ந்து விட்டிருக்கீங்களா?" என்று கேட்பாள். பிறகுதான் வாயைத் திறக்கச் சொல்வாள்.

சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த ஆண்டில் அவளை ஆவுடையார்கோவிலுக்கு மாற்றினார்கள். அங்கேயும் கல் கூட்டினாள், அங்கேயும் களி கிண்டினாள். ஒரு நாள் புதிதாகச் சேர்ந்த சிறுமி ஒருத்தி தட்டைப் பார்த்து மூக்கைச் சுளித்தாள்.

"வாத்தியாரம்மா, நீங்க மட்டும் இந்தக் கீரையத் திங்க மாட்டேங்கிறீங்க. நல்லா இருக்காதா?"

சொர்ணவல்லி கரண்டியோடு நின்றாள். பிறகு சொல்லத் தொடங்கினாள். எண்ணெயில் பட்டதும் கீரை எப்படி மணக்கும் என்று சொன்னாள். முதலில் நாக்கில் ஒரு சின்னக் கசப்பு, மெல்ல மெல்ல அது எப்படி இனிக்கும், களியோடு சேர்த்து உருட்டினால் தொண்டையில் எப்படி வழுக்கிக்கொண்டு இறங்கும் என்று சொன்னாள். ஐந்து வருஷமாகத் தொடாத ருசியை, நேற்றுத் தின்றவள் போலச் சொன்னாள். வரிசை முழுவதும் பிள்ளைகள் எச்சிலை விழுங்கினார்கள். மூக்கைச் சுளித்த சிறுமி தட்டை நீட்டினாள்.

"போதுமா?"

"இன்னுங் கொஞ்சம் போடுங்க."

போட்டுவிட்டு, சொர்ணவல்லி அடுத்த தட்டுக்கு நகர்ந்தாள்.